திரை மலிவு, பெட்டிதான் விலை: வீட்டில் கட்டும் விமானத்துக்கு வழிகாட்டும் கருவி வாங்குவது

முகிலுக்குள் புகுந்து வெளியே வரக்கூடிய ஒரு சின்ன விமானத்தை வீட்டுக் கராஜில் கட்டுகிறவர், கருவிப் பலகைக்குக் காசு ஒதுக்கத் தொடங்கினால் முதலில் திரையைத்தான் பார்ப்பார். ஏழு அங்குலமா, பத்து அங்குலமா, தொடுதிரையா, மலையெல்லாம் முப்பரிமாணத்தில் தெரியுமா என்று. எந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறோம் என்ற யோசனை கடைசியில்தான் வரும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எங்கே, எந்த முறையில் இறங்குவது என்று முதலில் முடிவுசெய்தால் எந்த வழிகாட்டிப் பெட்டி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். திரையைப் பிறகு காசுக்குத் தக்கபடி பார்த்துக்கொள்ளலாம்.

வன்னியில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். போர்க்காலத்தில் தலைக்கு மேலே வண்டு என்று சொன்ன வேவு விமானம் இரைந்ததைக் கண்டவர்களுக்குச் சின்ன விமானம் என்றாலே வேறு ஞாபகங்கள்தான். பிறகு வளர்ந்த பிள்ளைகள் அப்படியில்லை. ட்ரோன், சென்சர் என்று திரிகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மச்சானோ கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கித் தானே கட்டும் விமானம், பூட்டும் படத்தை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். இங்கே நாமே கட்டிப் பறப்பது வேறு கதை. ட்ரோன் ஏற்றுவதற்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டிய நாடு இது. ஆகவே விதிகளுக்கு அமெரிக்காவையே உதாரணமாக எடுக்கிறேன். கிட்டும் கருவியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. கனடாவிலோ வேறெங்கோ இருப்பவர்கள் தங்கள் நாட்டு விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்பெரிமென்டல் என்றால் ஏன் மலிவு

அமெரிக்காவில் ஒருவர் பொழுதுபோக்குக்காகவும் படிப்புக்காகவும் விமானம் கட்டலாம். வேலையில் பாதிக்கு மேல் அவரே செய்திருக்க வேண்டும். இதைத்தான் 51 வீத விதி என்பார்கள். அப்படிக் கட்டியதற்கு எக்ஸ்பெரிமென்டல் என்ற வகையில் சான்றிதழ் கிடைக்கும். தொழிற்சாலையில் செய்த செஸ்னா போன்ற சின்ன விமானத்தில் ஒரு கருவியை மாற்றுவதென்றால் அந்தக் கருவிக்கும் அதைப் பூட்டும் முறைக்கும் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் பெறுகிற செலவெல்லாம் கருவியின் விலையில் ஏறி நிற்கும். எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் பெரும்பாலான கருவிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் டைனன், கிராண்ட் ராப்பிட்ஸ், தென்னாப்பிரிக்காவின் எம்ஜிஎல் போன்றவர்கள் இந்தச் சந்தைக்கென்றே திரைகள் செய்து, முன்பு ஜெட் விமானங்களில் மட்டும் இருந்த வசதியைச் சாதாரண ஆள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார்கள். கார்மினும் பின்னால் வந்தது. கார்மினின் ஜி5 என்ற சின்னக் கருவி, சரிவையும் வேகத்தையும் உயரத்தையும் ஒரே முகத்தில் காட்டுவது, 2016-ல் எக்ஸ்பெரிமென்டல் விமானங்களுக்கென வந்தபோது 1,200 டொலர் அளவில்தான் இருந்தது.

இந்தத் திரைகளுக்குள் சரிவை அளப்பது, ட்ரோனுக்குள் இருக்கும் அதே இனத்துச் சின்னச் சிலிக்கன் ஜைரோ சென்சர்தான், அதாவது சுழல்வதை உணரும் சில்லு. பழைய கருவியில் ஒரு பித்தளைச் சக்கரம் சுழலும். அதைச் சுழற்ற எஞ்சினோடு ஒரு வெற்றிடப் பம்பு ஓடும். பம்பு ஒருநாள் சொல்லாமல் உடையும். சிலிக்கனில் தேய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், நல்ல மென்பொருளும் வேண்டும்.

உடம்பை நம்பாதே

முகிலுக்குள் ஏன் கருவி வேண்டும் என்பதைச் சித்திரை வருஷத்து விளையாட்டு விழாவில் முட்டி உடைத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. கண்ணைக் கட்டி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், நேரே போகிறேன் என்ற முழு நம்பிக்கையோடு ஆள் பார்வையாளர் பக்கம் தடியை ஓங்கிக்கொண்டு போவார். முகிலுக்குள் விமானியும் அப்படித்தான். மெதுவாகத் தொடங்கும் திருப்பத்தைக் காதின் உட்பகுதி உணராது. விமானம் சரிந்து சுருளும்போதும் உடம்பு நேராக இருப்பதாகவே சொல்லும். 1954-ல் இலினோய் பல்கலைக்கழகம் கருவியைப் பார்த்துப் பறந்து பழகாத 20 விமானிகளை வைத்து, வெளியே தெரியாதபடி செய்து சோதித்தது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 செக்கனில், கடைசி ஆள் 480 செக்கனில். சராசரி 178 செக்கன். மூன்று நிமிடம்கூட இல்லை.

ஆகவே முதல் காசு போக வேண்டிய இடம் விமானம் நேராக இருக்கிறதா என்று சொல்லும் கருவி. வழிகாட்டுவது அதற்கு அடுத்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவருக்கு வானொலியில் கேட்க நேரம் உண்டு. எது மேலே, எது கீழே என்று தெரியாதவருக்கு அந்த நேரம் இல்லை.

1929 செப்டம்பர் 24-ல் நியூயோர்க்கில் ஜிம்மி டூலிட்டில் என்பவர் மூடிய கூண்டுக்குள் இருந்தபடி கருவிகளை மட்டும் பார்த்து எழும்பி, சுற்றி, இறங்கினார். அவரிடம் இருந்தவை விமானம் நேராக இருக்கிறதா என்று காட்டும் செயற்கை அடிவானம், ஜைரோ திசைகாட்டி, நுண்ணிய உயரமானி, ஒரு வானொலி வழிகாட்டி. இன்றைய அமெரிக்க விதியில் இருப்பதும் ஏறத்தாழ அதே பட்டியல்: செயற்கை அடிவானம், ஜைரோ திசைகாட்டி, திருப்ப வேகம் காட்டுவது, பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் சிறு உருண்டை, அமுக்கம் திருத்தக்கூடிய உயரமானி, செக்கன் காட்டும் மணிக்கூடு, போதிய மின் தரும் ஜெனரேட்டர், பேசும் வானொலி, போகும் பாதைக்குப் பொருத்தமான வழிகாட்டி. கடைசி வரியைத் தவிர மற்றதில் பெரும்பகுதியை ஒரு நல்ல திரை அடக்கிவிடும். செலவும் குழப்பமும் அந்தக் கடைசி வரியில்தான்.

கையில் இருக்கும் ஜி.பி.எஸ். ஏன் போதாது

"மாமா, ஐபாட்டிலயே ஜி.பி.எஸ். இருக்குத்தானே? பிறகேன் அந்தப் பெட்டிக்கு அஞ்சாயிரம் டொலர்?" உயர்தரம் படிக்கும் மருமகன் கேட்டது. நியாயமான கேள்வி. ஐபாட் என்ன, டைனன், கார்மின் திரைகளுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். கூட வெளியே பார்த்துப் பறப்பதற்கு மட்டும்தான். அதைவைத்து முகிலுக்குள்ளால் ஓடுபாதைக்கு இறங்கக்கூடாது.

காரணம் துல்லியம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போன் கூட வெட்டவெளியில் சில மீற்றருக்குள் சரியாகத்தான் காட்டும். பிரச்சினை, அது பிழையாகக் காட்டும்போதும் அதே நீலப் புள்ளியை அதே உறுதியோடு காட்டுவது. ஒரு செய்மதியின் மணிக்கூடு பிசகினால் இடம் நூறு மீற்றர் தள்ளிப்போகும். திரையில் ஒரு மாற்றமும் இராது. முகிலுக்குள் இறங்கும் விமானிக்குத் தேவை, பிழை வந்த உடனே "என்னை நம்பாதே" என்று சொல்லும் பெட்டி.

அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, பெட்டி தனக்குத் தெரியும் செய்மதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. இடம் கணிக்க நான்கு செய்மதி போதும். ஐந்தாவது இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஆறாவது இருந்தால் பொய் சொல்வது எது என்றும் கண்டு அதை விலக்கலாம். மற்றது, தரையில் இடம் அளந்து வைத்த நிலையங்கள் ஜி.பி.எஸ்.ஸை இடைவிடாமல் சோதித்து, திருத்தத்தையும் எச்சரிக்கையையும் ஒரு புவிநிலைச் செய்மதி வழியாக அனுப்புவது. அமெரிக்காவில் இதன் பெயர் வாஸ். 2003-ல் சேவைக்கு வந்தது. ஐரோப்பாவில் எக்னோஸ், இந்தியாவில் ககன்.

இந்தத் திருத்தத்தோடு வருவதுதான் எல்.பி.வி. என்ற இறங்குமுறை. ஓடுபாதைப் பக்கத்தில் தரைக்கருவி ஒன்றும் இல்லாமலேயே, 200 அடி உயரம்வரை முகிலுக்குள் சரிந்து வரலாம். அந்த அளவுக்கு நம்ப வேண்டுமென்றால், பிழை பக்கவாட்டில் 40 மீற்றரையோ மேல்கீழாக 35 மீற்றரையோ தாண்டக்கூடுமானால் ஏறத்தாழ 6 செக்கனுக்குள் விமானிக்கு எச்சரிக்கை வந்தாக வேண்டும். அஞ்சாயிரம் டொலர் போவது இந்த 6 செக்கனுக்கு என்று மருமகனுக்குச் சொன்னேன்.

ககனின் செய்மதிச் சமிக்ஞை வன்னியிலும் விழுகிறது. 2022-ல் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். பயணிகள் விமானம் ஒன்று ககனை வைத்து எல்.பி.வி. முறையில் இறங்கிக் காட்டியது. ஆனால் சமிக்ஞை விழுவது ஒன்று, அதைவைத்து இறங்க அங்கீகரித்த முறை ஓர் ஓடுபாதைக்கு இருப்பது இன்னொன்று. அதோடு நம் தலைக்கு மேலே ஒரு தொந்தரவும் இருக்கிறது. பூமியின் காந்தப் புலம் கிடையாக இருக்கும் காந்த நிலநடுக்கோடு கேரளத்தின் தும்பாவுக்கு அருகால் போகிறது. இந்தியா தன் முதல் ரொக்கெற் ஏவுதளத்தை 1963-ல் அங்கே வைத்ததற்கு அதுவே காரணம். வன்னியும் அந்தக் கோட்டிலிருந்து தூரமில்லை. இந்த வலயத்தில் சூரியன் மறைந்த பிறகு வானின் மின்னேற்ற அடுக்கான அயன்மண்டலம் குமிழி குமிழியாகக் கலங்கும். ஜி.பி.எஸ். சமிக்ஞை அதற்குள்ளால் வரும்போது நடுங்கி, சிலவேளை அறுந்தும் போகும். ட்ரோன் ஏற்றுபவர்களும் நில அளவையாளர்களும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. திசைகாட்டி முள் இங்கே ஏறத்தாழக் கிடையாக நிற்கும். கனடாவில் காந்தப் புலம் செங்குத்துக்கு நெருக்கமாக நிலத்துக்குள் இறங்குவதால், விமானம் திரும்பும்போது முள் தாறுமாறாக ஓடும். அங்கே பயிற்சிக்காரர்கள் அதற்குத் தனிக் கணக்கே மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே பறப்பவருக்கு அந்தத் தலையிடி மிகக் குறைவு.

ஓடுபாதையிலிருந்து தொடங்குவது

இனிக் காசுக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து, வருடத்தில் அதிகமாகப் போகப்போகும் விமானநிலையங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எந்த இறங்குமுறை இருக்கிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஐ.எல்.எஸ். என்றால் ஓடுபாதைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் வரும்; ஒன்று இடம் வலம் சொல்லும், மற்றது வழக்கமாக 3 பாகைச் சரிவைக் காட்டும். கட்டுநாயக்காவில் இருப்பது இது. பெரிய விமானநிலையங்களில்தான் கிடைக்கும். வி.ஓ.ஆர். அதைவிடப் பழையது, 108 முதல் 117.95 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் நிலையத்திலிருந்து எந்தத் திசையில் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லும். மூன்றாவது ஜி.பி.எஸ். முறைகள். அமெரிக்காவில் தரையில் ஒரு கம்பிகூட இல்லாத சின்னச் சின்ன ஓடுபாதைகளுக்கெல்லாம் இன்று எல்.பி.வி. வந்துவிட்டது. அங்கே புதிதாகக் கட்டுகிறவருக்கு என் பதில் அதனால் சுலபம்: வாஸ் உள்ள ஜி.பி.எஸ். பெட்டி ஒன்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கார்மினின் ஜிபிஎஸ் 175 இந்த வேலைக்கென்றே 2019-ல் வந்தது. அப்போதே விலை 4,000 டொலருக்கு மேல். அதில் வானொலி இல்லை, ஐ.எல்.எஸ்.ஸும் வி.ஓ.ஆரும் இல்லை; ஜி.பி.எஸ். மட்டும். அதனோடு ராடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பொண்டரும், விமானத்தின் இடத்தை மற்றவர்களுக்குத் தானாக ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.பி.யும் சேர்ந்தது ஜிஎன்எக்ஸ் 375. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமானநிலையங்களைச் சுற்றியும் 10,000 அடிக்கு மேலும் ஏ.டி.எஸ்.பி. கட்டாயம் என்பதால், எப்படியும் வாங்க வேண்டிய பொருள் அது. புதிதாகப் பலகை வெட்டுகிறவர் இரண்டையும் தனித்தனியாக வாங்குவதைவிட இந்த ஒரே பெட்டியை வாங்குவதே கணக்குக்குச் சரி என்பது என் எண்ணம்.

பழையது வாங்குகிறவர்கள் 1998-ல் வந்த ஜிஎன்எஸ் 430-ஐத் தேடுவார்கள். வானொலி, வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ்., ஜி.பி.எஸ். நான்கும் ஒன்றுக்குள் இருப்பது; ஆயிரக்கணக்கான விமானங்களில் ஓடியது. இங்கேதான் ஓர் எழுத்தில் ஏமாறுவார்கள். 430 என்றால் வாஸ் இல்லை. 430டபிள்யூ என்றால் உண்டு. டபிள்யூ இல்லாததற்கு எல்.பி.வி. வராது, அதோடு ஜி.பி.எஸ். கைவிட்டால் பயன்படுத்த வேறு வழிகாட்டியும் விமானத்தில் இருந்தாக வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன் பின்பக்கத்து இலக்கத்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த வரிசைப் பெட்டிகளைப் புதிதாகச் செய்வதும் நின்றுவிட்டது. திரை பழுதானால் உதிரிப்பாகம் கிடைப்பது வரவரக் கடினம். நான் என்றால் இதைத் தவிர்ப்பேன்.

உண்மையிலேயே காசு இல்லாதவருக்கு இன்னொரு வழி உண்டு. ஜி.பி.எஸ். பெட்டியே இல்லாமல், வி.ஓ.ஆரும் ஐ.எல்.எஸ்.ஸும் பிடிக்கும் ஒரு நல்ல பழைய வானொலி. எஸ்எல்30 என்ற மாதிரியைக் கிட் கட்டுகிறவர்கள் விரும்பி வாங்கினார்கள், ஏனென்றால் அதன் முள்ளைத் திரையிலேயே காட்டலாம்; தனி முகப்புக் கருவி வேண்டாம். ஐ.எல்.எஸ். உள்ள விமானநிலையத்தைச் சுற்றியே பறப்பவருக்கு இது போதும். ஆனால் அமெரிக்கா வி.ஓ.ஆர். நிலையங்களைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஜி.பி.எஸ். தடைப்பட்டால் தப்பிக்க ஓர் அடிப்படை வலையை மட்டும்தான் வைத்திருக்கப் போகிறது. ஆகவே இது தொடக்கத்துக்கான வழி.

விலைப்பட்டியலில் தெரியாதவை

ஜி.பி.எஸ். பெட்டி சொல்வதைத் திரையும் தானியங்கி விமானியும் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டி பேசுவது ஏரின்க் 429 என்ற பழைய விமானத் தரவு முறை. பல எக்ஸ்பெரிமென்டல் திரைகளுக்கு அது நேராக விளங்காது. நடுவில் ஒரு சின்ன மொழிமாற்றிப் பெட்டி தனியாக வாங்க வேண்டும், சில நூறு டொலர். அன்டனா, அதன் கேபிள், வயர்க் கட்டு எல்லாம் தனி. பெட்டிக்குள் இருக்கும் வழித்தரவு 28 நாளைக்கு ஒருமுறை காலாவதியாகும். அதற்கு வருடச் சந்தா. உயரமானி முறையையும் டிரான்ஸ்பொண்டரையும் 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பெட்டிக்கு மட்டும் காசு சேர்த்தவர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத் திகைத்துப் போவார்.

உயரமானியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் காசு இல்லை, உயிர் இருக்கிறது. உயரமானி அளப்பது காற்றின் அமுக்கத்தை. தரை மட்டத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 30 அடிக்குச் சமம். வானொலியில் 1003 என்று சொன்னதை 1013 என்று திருப்பி வைத்தால், விமானம் உண்மையில் இருப்பதைவிட 300 அடி உயரத்தில் இருப்பதாகக் காட்டும். 200 அடியில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் 300 அடிப் பிழை. நம் பக்கத்தில் புயல் இல்லாத சாதாரண நாளிலும் அமுக்கம் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நாலு மணியளவில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அமுக்கமானி உள்ள போனை மேசையில் வைத்துவிட்டு ஒரு செயலியில் பாருங்கள்; வீடு அசையாமல் இருக்க, போன் உங்களை மாலைக்குள் அறுபது முதல் தொண்ணூறு அடி மேலே தூக்கியிருக்கும். காற்றுவேகம் அளக்கும் குழாய்க்கு உறை போடாமல் விமானத்தை நிறுத்தினால் குளவி மண் வைத்து அடைத்துவிடும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய திரை அந்த ஒரு குளவியிடம் தோற்றுப்போகும்.

மின்சாரம்தான் மற்றது. எல்லாம் திரைக்குள் போனபின் மின் போனால் எல்லாமே போகும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: திரை, பெட்டி, வானொலி, டிரான்ஸ்பொண்டர், தானியங்கி எல்லாம் சேர்ந்து 8 அம்பியர் இழுக்கின்றன என்று வைப்போம். பற்றரி புதிதில் 12 அம்பியர்-மணி. ஒரு வருடம் பாவித்தபின் 9 என்று எடுத்தால் நல்லது. ஜெனரேட்டர் நின்றால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தேவையில்லாததை அணைத்து 4 அம்பியருக்கு இறக்கினால் இரண்டு மணித்தியாலம் தாண்டும். எதை முதலில் அணைப்பது என்று தரையிலேயே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். எஞ்சினைப் பற்றவைப்பதும் மின்னணுவியல்தான் என்றால் அதற்கென்று தனிப் பற்றரி வேண்டும். இல்லாவிட்டால் திரையோடு எஞ்சினும் நிற்கும். இதனால்தான் இரண்டாவது செயற்கை அடிவானத்தை நான் ஆடம்பரமாகப் பார்ப்பதில்லை. வேறு நிறுவனத்தின் சென்சர், தனக்குள்ளேயே பற்றரி. ஜி5 போன்றதற்குச் சேர்த்து வாங்கும் பற்றரி நான்கு மணித்தியாலம் வரை தாங்கும். பெரிய திரையை ஓர் அளவு சின்னதாக வாங்கி மிச்சம் பிடித்த காசு இதற்குப் போகட்டும்.

தானியங்கி விமானிக்கும் அப்படித்தான். தனியாக முகிலுக்குள் பறப்பவர் வரைபடத்தைப் பார்த்து, வானொலியில் பேசி, அலைவரிசை மாற்றும் அரை நிமிடத்தில் இறக்கை சரிந்துவிடும். எக்ஸ்பெரிமென்டலில் இரண்டு சின்ன மோட்டாரைப் பூட்டினால் அதே திரையே ஓட்டும். அங்கீகாரம் பெற்ற விமானத்தில் இதே வசதிக்குப் பல மடங்கு விலை.

இவ்வளவு இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கட்டும் இடிமுகிலுக்குள் போக எந்தக் கருவியும் அனுமதி தராது. சின்ன விமானத்துக்கு அது சுற்றிப்போக வேண்டிய இடம், இறக்கையில் பனி உறையும் இடமும் அப்படியே.

வெளிநாட்டில் கட்டுகிறவரிடம் கேட்கச் சொல்லி மருமகனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை இது. முதலில் நடுத்தர அளவுத் திரை ஒன்று, அதற்கு வேறான நிறுவனத்தின் பற்றரியுள்ள அடிவானம் ஒன்று. பிறகு வாஸ் பெட்டி. பிறகு தானியங்கி மோட்டார். ஐ.எல்.எஸ். பிடிக்கும் வானொலிக்குப் பலகையில் இடமும் வயரும் இப்போதே விட்டுவைத்து, காசு சேர்ந்தபின் வாங்கலாம்.

இங்கே இருந்தபடி படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரில் வி.ஓ.ஆரும் ஐ.எல்.எஸ்.ஸும் வேலை செய்யும். பெட்டி செய்யும் நிறுவனங்கள் தங்கள் கையேடுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. பாவிப்போர் கையேட்டை விட்டுவிட்டு, பூட்டுவோர் கையேட்டில் வயர் இணைப்புப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, எந்தக் கம்பி எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கட்டுகிறவர் அடுத்தமுறை படம் அனுப்பும்போது, மொழிமாற்றிப் பெட்டிக்கு இடம் விட்டிருக்கிறாரா என்று நீங்களே கேட்கலாம்.